காலி எடை

போச்சம்பள்ளி சாலையில்
அறுபது டன் தாங்கும் எடைமேடை.
இரவு ஷிப்ட் எனக்கு.
கிரானைட் வரும், தேங்காய் வரும்,
மே பிறந்தால் கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய்
வரிசை கட்டி வரும்.
லோடோடு ஒருமுறை ஏற்றுவேன்,
இறக்கிவிட்டு வந்தால் காலியாக ஒருமுறை.
கழித்தால் நிகரம்.
பதினோரு வருஷமாக
இந்தக் கழித்தலில்தான் சோறு.

குடித்த காலத்திலும்
ஒரு கிலோ தப்பியதில்லை என்று
பெருமை பேசியிருக்கிறேன்.
பொய்.
சந்தூர் வியாபாரி ஒருவரின் ஒரு டன் மாங்காய்
என் விரல் நுனியில் காணாமல் போனது.
நான்கு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார்.
மழைக்கு முந்தின மேகம் போல ஏதோ.
"ஈரல்ங்க" என்றார்.
"நிறுத்துங்க. நடங்க. எண்ணெயைக் குறைங்க."
முதல் சொல்லுக்கே எனக்கு மூச்சு வாங்கியது.

நிறுத்திய சில நாளில்
நாக்கு சர்க்கரை கேட்டது.
இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
வெல்லக்கட்டி, தேன்மிட்டாய்,
பேக்கரியில் மிச்சமான கேக்,
ஒரு பாட்டில் இருந்த இடத்தில்
ஒன்பது டீ.

மாதேஸ்வரி அப்போது மத்தூரில்,
அவள் அண்ணன் வீட்டில்.
உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டிக்
கிண்ட ஆரம்பித்தால்
துடுப்பு கையை ஆட்டுகிறதா
கை துடுப்பை ஆட்டுகிறதா தெரியாது.
கட்டி தட்டிய களி.
உடைத்தால் உள்ளே பச்சை மாவு.
கொள்ளு ரசத்தில் முக்கி
அதையும் தின்றேன்.

விடிந்ததும் பாரூர் ஏரிக்கரை.
முதல் நாள் மதகு வரைக்கும்தான்,
உட்கார்ந்துவிட்டேன்.
வலை உலர்த்துகிறவர் கேட்டார்,
"இன்னும் தெளியலையா?"
ஏரித் தண்ணீரைப் பார்த்தபடி
"தெளிஞ்சிட்டிருக்கு" என்றேன்.

சந்தை கூடிய ஒரு ஞாயிறு தவறினேன்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

மே இரவுகள்தான் மோசம்.
ஆலைக்கு வெளியே குவித்த
அழுகல் மாங்காயும் தோலும் கொட்டையும்
புளித்துப் பொங்கிக்
காற்றில் ஏறி மேடைக்கு வரும்.
மூடி திறந்த வாசம்.
அரசாங்கக் கடையைப் பத்து மணிக்கு அடைத்துவிடுவார்கள்,
காற்றை யார் அடைப்பது?
எழுந்து நடந்தேன்,
இரும்புத் தகட்டைச் சுற்றி நாற்பது சுற்று.
லாரி வந்தால் நின்று எடை போட்டுவிட்டு
நாற்பத்தொன்று.
லாரி ஜன்னலில் கையை ஊன்றித்
திம்மராயன் சிரித்தான்,
"என்னண்ணா, செக்கு மாடாட்டம்?"
"எண்ணெய் எடுக்கிறன்டா."
சட்டைக்கு மேலே பிதுங்கிய வயிற்றைத்
தட்டிக் காட்டினேன்.

லாரி வராத நேரத்தில்
நானே மேடையில் ஏறி நிற்பேன்.
பத்து கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
தொண்ணூறு என்றது பங்குனியில்.
சித்திரையில் தொண்ணூறு.
நான் விட்ட வெல்லம், விட்ட பஜ்ஜி,
மதகைத் தாண்டி ஆலமரம், ஆலமரம் தாண்டிக் கோயில்
என்று நீண்ட நடை,
எதுவும் அதன் கணக்கில் ஏறவில்லை.
தொண்ணூறு.

ஆனி கடைசியில், விடியற்காலை மூன்று மணி.
சிவப்பு எழுத்து இரண்டு முறை துடித்து
எண்பது என்றது.
இறங்கினேன். டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.
தொண்ணூறு.
டார்ச்சைக் கீழே வைத்தேன்.
எண்பது.
அந்த டார்ச் கால் கிலோகூட இருக்காது.
அவ்வளவு விளிம்பில் நிற்கிறேன்.

ரசீது ஒன்று அடித்தேன்.
வண்டி எண் இருக்கும் இடத்தில் ஒரு கோடு.
சரக்கு: இல்லை.
காலி எடை: 80.
மத்தூர் போகும் முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு.
ரசீதைச் சட்டைப் பையில் வைத்தேன், எடுத்தேன்,
மேசை விரிப்புக்கு அடியில் செருகினேன்.

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.
டார்ச்சோடு ஏறினாலும்
எண்பது காட்ட வேண்டும்.